புது பேட்டரி வாங்குமுன் பழைய வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோலார் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளும் விளம்பரங்களும் பெரும்பாலும் மின்வாரிய இணைப்போடு சேர்ந்த கூரை சோலாரைப் பற்றியவை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது கம்பத்திலிருந்து இணைப்பு உள்ள வீடுகளுக்கு. தென்னந்தோப்புக் கொட்டகை, வயல் நடுவே களத்துவீடு, மின்கம்பி எட்டாத மலைக்குடியிருப்பு, உப்பளத்துக் குடிசை ஆகிய இடங்களில் சொந்தக் காசில் பேனலும் பேட்டரியும் வாங்கித் தாமே மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த மானியம் இல்லை, வழிகாட்டவும் ஆளில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் பேட்டரி இல்லாத கூரை சோலார் உதவாது. லைனில் கரண்ட் நின்றால் அதன் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். விளக்கெரிவது இந்தச் சின்னத் தனி சோலாரில்தான். அதைச் சீராக்கும் வழியை நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுத வேண்டும் என்பதற்காக இந்தக் கடிதம்.

சொந்தமாக மாட்டியவர்களின் குறை ஊருக்கு ஊர் மாறுவதில்லை. "வாங்கின புதுசுல விடிய விடிய ஃபேன் ஓடிச்சு, இப்ப பத்து மணிக்கே இன்வெர்ட்டர் கத்துது." கடையில் கிடைக்கும் பதிலும் மாறுவதில்லை: இன்னொரு பேனல் போடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். இரண்டும் செலவு பிடிக்கும் வேலை. பெரும்பாலான இடங்களில் கரண்ட் கூரையில் உற்பத்தியாகிறது, வீட்டுக்குள் வந்து சேர்வதில்லை. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரிலும், வயரிலும், இன்வெர்ட்டரிலும் கசிவதை அடைக்காமல் புது பேட்டரி வைத்தால், அதுவும் பழையது போன வழியிலேயே போய்விடும்.

கிராமங்களில் அதிகம் காணப்படும் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். 335 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றும் ஆசிட் பேட்டரி ஒன்று, 20 ஆம்பியர் சார்ஜ் கண்ட்ரோலர், 850 வி.ஏ. இன்வெர்ட்டர். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தால், முழு வெயிலில் அது சுமார் 38 வோல்ட்டும் 8.8 ஆம்பியரும் தரும் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால்தான் 335 வாட். கடைக்காரர்கள் இதை "24 வோல்ட் பேனல்" என்பார்கள். விலை குறைந்த கண்ட்ரோலர்கள் எல்லாம் பி.டபிள்யூ.எம். வகை. அதற்குள் இருப்பது பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பேட்டரி 13.5 வோல்ட்டில் நின்றால் பேனலும் அதே 13.5-க்கு இழுபட்டுவிடும். ஆம்பியரோ 9-ஐத் தாண்டாது. ஆக பேட்டரிக்குப் போவது 120 வாட் மட்டுமே. 335-க்குக் காசு கொடுத்து 120-ஐ வாங்குகிறோம். மீதி கூரைமேல் சூடாகப் போகிறது.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று அறிய 500 ரூபாய்க்குள் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். நண்பகலில், முந்தைய இரவு பேட்டரி நன்றாக இறங்கியிருக்கும் நாளில், கண்ட்ரோலரில் பேனல் வந்து சேரும் இரண்டு முனைகளில் டி.சி. வோல்ட் பாருங்கள். 13, 14 என்று காட்டினால் பி.டபிள்யூ.எம். பேனல் பக்கம் 30-க்கு மேலும் பேட்டரி பக்கம் 13-ம் காட்டினால், மிச்ச வோல்ட்டை வீணாக்காத எம்.பி.பி.டி. வகை. இந்தச் சோதனையை எல்லோரும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. "எம்.பி.பி.டி." என்று பெட்டியில் அச்சடித்து ஆயிரம் ரூபாய்க்கும் கீழே விற்கப்படும் கண்ட்ரோலர்கள் பலவும் உள்ளே வெறும் பி.டபிள்யூ.எம்.தான். உண்மையான எம்.பி.பி.டி.க்குள் கனமான காயில் இருக்கும். கையில் எடுத்தாலே எடை தெரியும். பெட்டியை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

நல்ல எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் பேனலை அதற்குத் தோதான வோல்ட்டிலேயே ஓடவிட்டு, மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். வெயிலில் பேனல் சூடாவதால் 100-க்கு 15 போல் குறையும். கண்ட்ரோலரிலும் கொஞ்சம் போகும். அப்படியும் நண்பகலில் 270 வாட், அதாவது 13.5 வோல்ட்டில் 20 ஆம்பியர் பேட்டரிக்குள் இறங்கும். நம் ஊர் வெயிலை நாளொன்றுக்கு 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று கணக்கிட்டால், பி.டபிள்யூ.எம்.மில் 600 வாட் மணி சேரும் இடத்தில் இதில் 1,300 வாட் மணிக்குப் பக்கமாகச் சேரும். ஆயிரம் வாட் மணிதான் ஒரு யூனிட். புது பேனல் இல்லாமலே கிடைக்கும் லாபம் இது. ஒரு விதிவிலக்கு: உங்களிடம் இருப்பது 36 செல் உள்ள, 18 வோல்ட் தரும் பழைய 100 அல்லது 150 வாட் பேனல் என்றால், பி.டபிள்யூ.எம்.மே அதற்குப் பொருத்தம். அங்கே எம்.பி.பி.டி. வாங்கினால் போட்ட காசு சுலபமாகத் திரும்பாது.

இதில் பேட்டரியின் ஆயுளும் அடங்கியிருக்கிறது. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரிக்கு அதன் அளவில் பத்தில் ஒரு பங்கு, 15 ஆம்பியராவது சார்ஜ் வேண்டும். 9 ஆம்பியரை வைத்துக்கொண்டு ஒரு பகலில் அது நிறைவதே இல்லை. முக்கால் வயிற்றோடு ஒவ்வொரு நாளும் இரவுக்குள் போகும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. "பேட்டரி மட்டமான சரக்கு" என்று நாம் தூக்கிப்போடுபவற்றில் பல, பட்டினியால் செத்தவை.

கண்ட்ரோலர் வாங்கும்போது ஆம்பியரைப் போலவே, அது தாங்கும் அதிகபட்ச பேனல் வோல்ட்டையும் பார்க்க வேண்டும். ஸ்டிக்கரில் வி.ஓ.சி. என்று போட்டிருப்பதுதான் பேனல் எதனோடும் சேராமல் திறந்திருக்கும்போது தரும் வோல்ட். 335 வாட் பேனலுக்கு அது 45, 46 இருக்கும். இரண்டைத் தொடராக இணைத்தால் 92. நூறு வோல்ட் தாங்கும் கண்ட்ரோலருக்கு இது சரிதான் என்று தோன்றும். ஆனால் ஸ்டிக்கரில் உள்ளது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. குளிர்ந்தால் வோல்ட் ஏறும். 10 டிகிரி குறைந்தால் 100-க்கு 3 வீதம் கூடும். இப்போது கடைகளில் கிடைக்கும் 540 வாட் பேனல்களின் வி.ஓ.சி. 49, 50 வோல்ட் வரை வருகிறது. அதில் இரண்டைத் தொடராகப் போட்டு 100 வோல்ட் கண்ட்ரோலரில் செருகினால், மழை கழுவிய ஒரு மார்கழிக் காலையில் கண்ட்ரோலர் போய்விடும். அதற்கு வாரண்டியும் தரமாட்டார்கள். 150 வோல்ட் தாங்குவதை வாங்குங்கள், இல்லையென்றால் பேனல்களைப் பக்கவாட்டில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து இணையுங்கள்.

மாட்டும் வரிசையிலும் கவனம் வேண்டும். முதலில் பேட்டரி, அடுத்து பேனல். கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. பேட்டரியைப் பார்த்துத்தான் கண்ட்ரோலர் இது 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முடிவு செய்கிறது. பேனலை முதலில் கொடுத்தால் தவறாகப் புரிந்துகொண்டு தானும் கெட்டு பேட்டரியையும் கெடுக்கலாம். பல்பு படம் போட்ட "லோடு" முனைகளில் இன்வெர்ட்டரைக் கொடுப்பது இன்னொரு வழக்கமான தவறு. அந்த முனை 10, 20 ஆம்பியருக்கானது. 850 வி.ஏ. இன்வெர்ட்டர் முழு லோடில் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இன்வெர்ட்டர் வயர் நேராக பேட்டரிக்குப் போக வேண்டும்.

அடுத்தது வயர். 230 வோல்ட்டில் பழகிய எலக்ட்ரீஷியன்கள் தடுமாறும் இடம் இதுதான். 230 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயரில் மீட்டருக்கு 4.6 மில்லி ஓம் தடை. கண்ட்ரோலரைக் கூரைப் பக்கம் வைத்து, பேட்டரி 10 மீட்டர் தள்ளியிருந்தால் போக வர 20 மீட்டர். 20 ஆம்பியர் ஓடும்போது வழியில் விழுவது 1.8 வோல்ட், 36 வாட் வயரைச் சூடாக்கவே செலவு. அதே 20 மீட்டர் வயரைப் பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே போட்டு, கண்ட்ரோலரை பேட்டரி பக்கத்தில் வைத்துவிட்டால், அந்த வயரில் ஓடுவது 8 ஆம்பியர்தான், விழுவது 0.7 வோல்ட், அதுவும் முப்பதுக்கு மேற்பட்ட வோல்ட்டில். வயர் அதே வயர், இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. எம்.பி.பி.டி. வைத்தவர்கள் பேனலை நிழல் இல்லாத இடம் தேடி 15, 20 மீட்டர் தள்ளிக்கூட வைக்க முடிவது இதனால்தான்.

கண்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 2 மீட்டருக்குள் 16 ஸ்கொயர், இன்வெர்ட்டருக்கு ஒன்றரை மீட்டருக்குள் 25 ஸ்கொயர், இரண்டும் பல இழைச் செம்பு. அலுமினிய வயர் விலை குறைவு என்று போடாதீர்கள். அதே கனத்தில் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல், முனைகளும் தளர்ந்துகொண்டே இருக்கும். வயர் முனையில் மாட்டும் லக்கை கட்டிங் பிளேயரால் நசுக்குவதும் சுத்தியலால் தட்டுவதும் வேண்டாம். வயரை அளந்து வெட்டி, கிரிம்பிங் கருவி உள்ள கடையில் லக் அடித்து வாங்கி வாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்றுகூட டி.சி. பக்கம் இருக்கக் கூடாது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று மூன்று மாதத்தில் அதைப் பச்சை பூக்க வைத்துவிடும்.

வயர் சரியா என்று கண்டுபிடிக்க எளிய வழி: நண்பகலில் சார்ஜ் ஏறும்போது, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும், மறுமுனையைக் கண்ட்ரோலரின் பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். காட்டுவது அந்த வழியில் தொலையும் வோல்ட். மைனஸுக்கும் அப்படியே. இரண்டும் சேர்ந்து 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட் போகிறது என்றால், இழப்போடு வேறொரு கேடும் சேர்கிறது. கண்ட்ரோலர் தன் முனையில் 14.4 வந்ததும் "பேட்டரி நிறையப் போகிறது" என்று கரண்ட்டைக் குறைக்கத் தொடங்கும். பேட்டரியிலோ அப்போது 13.4 தான் இருக்கும். மறுபடியும் பட்டினி.

ஃபியூஸ் இல்லாத அமைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. பேட்டரியின் இரு முனைகளும் ஒரு ஸ்பேனரால் தொட்டுக்கொண்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும், ஸ்பேனர் பழுத்துவிடும். கூரையும் கீற்றும் உள்ள கொட்டகையில் எலி கடித்த வயர் ஒன்று போதும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், இன்வெர்ட்டர் வயரில் 80 அல்லது 100 ஆம்பியர் ஃபியூஸும், கண்ட்ரோலர் வயரில் 40 ஆம்பியர் ஃபியூஸும் வையுங்கள். பேனல் பக்கம் கழற்றி மாட்ட, ஒரு பேனலுக்கு 16 ஆம்பியர் டி.சி. எம்.சி.பி. (டிரிப் சுவிட்ச்) வேண்டும். வீட்டு எம்.சி.பி.யை அங்கே வைக்கக் கூடாது. ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணையும்; டி.சி.யில் அந்த இடைவெளி இல்லாததால் பொறி நின்று எரியும். டி.சி. எம்.சி.பி.யிலும் சிலவற்றுக்குப் பிளஸ் மைனஸ் திசை உண்டு. தலைகீழாகக் கொடுத்தால் அதுவும் பொறியை அணைக்காது. அதேபோல் வெயில் அடிக்கும்போது பேனல் வயரின் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்காதீர்கள். எம்.சி.பி.யை இறக்கிவிட்டுக் கழற்றுங்கள்.

பணம் குறைவாக இருப்பவர்கள் கண்ட்ரோலருக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: செலவைக் குறைப்பது. சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். இரவு 10 மணி நேரத்துக்கு 750 வாட் மணி. குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். 300 வாட் மணி. சுமார் 3,000 ரூபாய் ஃபேன் ஒரு இரவில் மிச்சம் பிடிக்கும் 450 வாட் மணி, மேலே சொன்ன 335 வாட் பேனல் பி.டபிள்யூ.எம்.மில் ஒரு நாள் முழுக்கச் சேர்த்து, பேட்டரி நஷ்டம் போக மிஞ்சுவதற்குச் சமம்.

இன்வெர்ட்டர் சும்மா இருப்பதாக நினைப்பதும் தவறு. லோடே இல்லாமல் ஆனில் கிடந்தாலும் அது 10, 15 வாட் தின்னும். பழையது 20-கூடத் தின்னும். 15 வாட் என்றால் 24 மணி நேரத்தில் 360 வாட் மணி. டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது இருந்தால், எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு பேட்டரி வயரைக் கவ்விப் பாருங்கள், 1.2 ஆம்பியர் காட்டினால் 15 வாட். ஏ.சி. மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு ஃபேன், செல்போன் சார்ஜர் மட்டும்தான் இரவுத் தேவை என்றால் 12 வோல்ட் விளக்கும் 12 வோல்ட் பி.எல்.டி.சி. ஃபேனும் வாங்கி, தனித்தனி ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்தே கொடுத்துவிடலாம். இன்வெர்ட்டரை டி.வி. பார்க்கும் நேரத்துக்கு மட்டும் போட்டால் போதும். அந்த ஃபேன் 15 வோல்ட் வரை தாங்குமா என்று பாருங்கள், ஏனென்றால் பகலில் சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14.4-க்குப் போகும்.

இனி பேட்டரி. 150 ஏ.எச். என்பது 1,800 வாட் மணி. அதில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம், 900. கண்ட்ரோலரில் பூஸ்ட் (நிறைக்கும் வோல்ட்) 14.4, ஃப்ளோட் (நிறைந்தபின் தாங்கி நிற்கும் வோல்ட்) 13.6 என்று வையுங்கள். பேட்டரி கம்பெனி தன் லேபிளில் வேறு சொன்னால் அதுவே சரி. கண்ட்ரோலருடன் வரும் சின்ன வெப்ப சென்சார் வயரைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அது பேட்டரியின் உடம்பில் ஒட்ட வேண்டியது. நம் கோடையில் பேட்டரி 40 டிகிரிக்குப் போகும்போது பூஸ்ட் வோல்ட்டை 0.3 வரை தானே குறைத்து, தண்ணீர் கொதித்துப் போகாமல் காக்கும்.

பேட்டரி நலத்தைச் சொல்வது ஹைட்ரோமீட்டர். சில நூறு ரூபாய்தான், வோல்ட்டை விட நம்பகமானது. நல்ல டியூபுலர் பேட்டரி நிறைந்ததும் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, 1240, 1250 காட்டும். வெயில் நாட்களில் மாலை 4 மணிக்கு, ஆறு செல்லிலும் 1200-க்குக் கீழேயே தொடர்ந்து இருந்தால் பேட்டரிக்குத் தீனி போதவில்லை. ஐந்து செல் 1240 இருக்க ஒன்று மட்டும் 40 புள்ளி தாழ்ந்திருந்தால், அந்த செல் பழுதாகிறது. இரண்டுக்கும் முதல் மருந்து ஈக்வலைஸ், அதாவது எல்லா செல்லையும் சமமாக்கும் கூடுதல் வோல்ட் சார்ஜ்: லோடுகளையும் இன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், 15.5 வோல்ட்டில் 2, 3 மணி நேரம். பேட்டரியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள். கை பொறுக்காத சூடு வந்தால் நிறுத்துங்கள். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியது, பக்கத்தில் பீடி, சாமி விளக்கு எதுவும் ஆகாது. மூடி திறக்க முடியாத எஸ்.எம்.எஃப்., ஜெல், லித்தியம் பேட்டரிகளுக்கு இது கூடவே கூடாது. மூன்று முறை செய்தும் அந்த ஒரு செல் எழவில்லை என்றால், அப்போது பேட்டரியை மாற்றுவது நியாயம்.

டிஸ்டில்டு வாட்டரை பேட்டரி நிறைந்த பிறகு ஊற்றுங்கள். இறங்கிய பேட்டரியில் ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி ஆசிட் வழியும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், முதலில் தகடு முங்கும் அளவுக்கு ஊற்றி ஏற்றுங்கள். கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டிலும் உப்பு மிச்சம் உண்டு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேமித்து ஊற்றும் பழக்கம் நகரங்களில் இருக்கிறது. அது தூசியும் உலோகத் துகளும் அலசி வரும் தண்ணீர். கிராவிட்டி குறைந்தது என்று ஆசிட் வாங்கி ஊற்றுவது எல்லாவற்றையும் விடக் கேடு. ஆசிட் எங்கும் போய்விடவில்லை, தகட்டில் சல்பேட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டில்தான் கத்தி நிற்கும். ஒரே ஒரு ஃபேன் ஓடும் லோடில் பேட்டரி 10.5-க்கு வந்தால் அதற்குள் எதுவும் மிச்சமில்லை என்று அர்த்தம். கத்தும்வரை ஓட்டாதீர்கள். விடிகாலையில், வெயில் ஏறுமுன், எல்லாவற்றையும் அரை மணி நேரம் அணைத்துவிட்டு வோல்ட் பாருங்கள். 12.2-க்கு மேல் இருந்தால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. 12-க்குக் கீழே தினமும் போனால் ராத்திரிச் செலவைக் குறைத்தே ஆகவேண்டும். பழைய பேட்டரியோடு புதிய பேட்டரியைப் பக்கவாட்டில் சேர்க்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள்; பழையது புதியதை உறிஞ்சித் தன்னளவுக்கு இறக்கும்.

லித்தியம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். லித்தியம் அயன் பாஸ்பேட் 12.8 வோல்ட் 100 ஏ.எச். பேட்டரியில் 1,280 வாட் மணி. ஐந்தில் நான்கு பங்கு எடுக்கலாம் என்பதால் 1,000 வாட் மணி கைக்குக் கிடைக்கும், அதாவது 150 ஏ.எச். டியூபுலரில் எடுக்கத்தக்கதை விடக் கொஞ்சம் அதிகம். ஏற்றியதில் பெரும்பகுதி திரும்ப வரும். முழுதாக நிறையாவிட்டாலும் கெடாது. மேகமூட்டமான ஊர்களுக்கு இந்தக் கடைசிக் குணம் பெரிய வரம். புதிதாக வாங்கும் நிலை வந்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கண்ட்ரோலரில் 14.2 முதல் 14.4 வரை வைத்து, ஈக்வலைஸையும் வெப்ப ஈடுகட்டலையும் அணைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாத கண்ட்ரோலரில் லித்தியத்தை மாட்டாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு நேர் கீழே, பரண்மேல் வைக்காதீர்கள். சூடு அதன் ஆயுளைத் தின்னும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் உறைபனி இறங்கும் இரவுகளுக்கு வேறு எச்சரிக்கை: செல் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். பழைய இ-ஸ்கூட்டர் பேட்டரியைப் பிரித்த செல்களை வாங்கி வீட்டில் கட்டுவதை எவ்வளவு மலிவு என்றாலும் பரிந்துரைக்க மாட்டேன். அவை பெரும்பாலும் வேறு ரசாயனம், தீப்பிடித்தால் எளிதில் அணையாது, அதனருகே குழந்தைகள் படுத்திருப்பார்கள்.

பேனல் இருக்கும் இடத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தெற்குப் பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு, கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றோட ஒரு அரை அடி. போர் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்டால் உப்புக் கறை படியும்; வெயில் ஏறுமுன் கழுவி ஈரத்தை இழுத்துவிடுங்கள். நிழல்தான் உண்மையான எதிரி. ஒரு பேனலுக்குள், நிழல் விழும் பகுதியை விலக்கி வைக்கும் மூன்று டயோடுகள் இருக்கின்றன. ஒரே ஒரு தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலும் மூன்றில் ஒரு பங்கு பேனல் ஒதுங்கிவிடலாம். சித்திரையில் தலைக்கு நேரே போகும் சூரியன் மார்கழியில் தெற்கே சாய்கிறது. திருச்சிப் பக்கம் அப்போது நண்பகலிலேயே 10 மீட்டர் மரத்தின் நிழல் வடக்கே 7 மீட்டர் நீளும். கோடையில் இடம் பார்த்து பேனல் நட்டவர்கள், மழைக்காலத்தில் வெயில் குறைவு என்று நினைத்துக்கொண்டு மரநிழலில் பாதியை இழப்பது இதனால்தான். தை பிறக்கும் முன் ஒருநாள், காலை 9, நண்பகல், மாலை 3 மணிக்குப் பேனலைப் போய்ப் பாருங்கள்.

இரும்புச் சட்டத்துக்கும் பேனல் ஃபிரேமுக்கும் எர்த் கம்பி கட்டாயம். தனியே நிற்கும் களத்துவீடுகளில் கண்ட்ரோலருக்கு முன்னால் மின்னலால் திடீரென ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் டி.சி. எஸ்.பி.டி. ஒன்றும் வைக்கலாம். பக்கத்தில் எங்கோ விழும் இடிக்கு அது தாங்கும். நேரே விழுவதற்கு எதுவும் தாங்காது.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். பேனலையும் கண்ட்ரோலரையும் சேர்த்து விற்கும்போது, கண்ட்ரோலர் எந்த வகை, எத்தனை பேனல் வோல்ட் தாங்கும், எத்தனை ஆம்பியர் என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். 24 வோல்ட் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்குப் பி.டபிள்யூ.எம்.மோடு கட்டிக் கொடுப்பது, தெரிந்து செய்தால் ஏமாற்று, தெரியாமல் செய்தால் அலட்சியம். வாங்குபவர் அறுவடைக் காசில் வாங்குகிறார்.

இவ்வளவும் செய்த பிறகும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரண்ட் போதாமல் வரும். அப்போது இரண்டாவது பேனலுக்கு இடமுண்டு. மூடிய வானத்தில் ஒரு பேனல் நாளெல்லாம் 300 வாட் மணி தந்தால் இரண்டு 600 தரும்; அது இரவு விளக்குக்கும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கும் போதும். 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. ஏற்கெனவே இருந்தால் வேறு கண்ட்ரோலர் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டும் சேர்ந்து அதிகம் தந்தாலும் அது 30-ல் நிறுத்திக்கொள்ளும். இத்தனை வாட் வரை பேனல் இணைக்கலாம் என்று அதன் குறிப்பில் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 30 ஆம்பியரும் ஒரே 150 ஏ.எச். டியூபுலருக்கு அதிகம், சார்ஜ் ஆம்பியரைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தால் 22-ல் வையுங்கள். பக்கவாட்டில் இணைக்கும்போது இரண்டு பேனலும் ஒரே வோல்ட் வகையாக இருக்க வேண்டும். பழைய 18 வோல்ட் பேனலை 38 வோல்ட் பேனலோடு சேர்த்தால் பெரியதும் 18-க்கு இறங்கிவிடும். இரண்டு பேனல் வரை தனித்தனி ஃபியூஸ் தேவையில்லை. மூன்றாவது சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 15 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும்.

இப்படிக்கு,
சோலார் மின்பணியாளர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்